அம்மாவுக்கு வராத அம்மை

அம்மா விழுந்தபோது பக்கத்தில் இருந்தது அத்தை ஒருத்திதான். நான் அருவியின் மறுபக்கத்தில் ஆண்கள் கூட்டத்துக்குள் தலையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். அப்பா, வண்டிகள் நிறுத்துகிற இடத்தில் மாடுகளை அவிழ்த்துவிட்டு வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். மாமா, அதாவது அம்மாவின் உடன்பிறந்த அண்ணன், புளியறையில் தன் வயலில் இருந்தார். இதை இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த விஷயம் எங்கள் வீட்டில் எப்போது பேச்சில் வந்தாலும், யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதில்தான் முதல் சண்டை தொடங்கும்.

"நான் மட்டும் அங்கன நின்னுருந்தா கையைக் குடுத்துத் தாங்கியிருப்பேன்" என்று மாமா இன்றைக்கும் சொல்லுவார்.

"நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். என் கை என்ன கட்டையா?" என்று அத்தை இன்றைக்கும் கேட்பாள்.

அத்தை, அப்பாவுக்கு மூத்தவள். புருஷன் போன பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டாள். அப்பாவுக்கு ஒரு வில்வண்டியும் இரண்டு மாடுகளும் இருந்தன. சீசன் காலத்தில் தென்காசி ரயில் ஸ்டேஷனில் நின்று, இறங்குகிற சீமான்களையும் அவர்களுடைய படுக்கைகளையும் கூடைகளையும் குற்றாலத்துப் பங்களாக்களில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று மாதம் ஓட்டினால் மீதி ஒன்பது மாதம் பயமில்லை. அவர் ஓட்டிய காசில்தான் நான் பள்ளி இறுதிப் பரீட்சை வரை படித்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்தவன் நான்தான். அந்த வருஷம் பாஸ் செய்துவிட்டு, வாத்தியார் பயிற்சிக்கு மனுப் போட்டுக் காத்திருந்தேன்.

அன்றைக்கு அப்பாவுக்குச் சவாரி இல்லை. "நாமளும் ஒரு நாள் சீமான் மாதிரி போயிட்டு வருவோம்" என்று எங்களை ஏற்றிக்கொண்டு போனார். நல்ல சாரல். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம் என்பதால் பாறை முழுக்க எண்ணெயும் சீயக்காயுமாக வழவழத்துக் கிடந்தது. அம்மா குளித்து முடித்து வெளியே வந்து, கூந்தலைப் பிழிவதற்காகத் திரும்பினாளாம். அவ்வளவுதான். பின்மண்டை பாறையில் பட்ட சத்தம் அருவிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது என்று அத்தை சொல்லுவாள்.

நான் ஓடிப்போனபோது அம்மா கண் திறந்து உட்கார்ந்திருந்தாள். ரத்தம் இல்லை. என்னைப் பார்த்து, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்று கேட்டாள்.

"காட்டியாச்சும்மா."

"சரி. மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?"

வண்டியில் ஏற்றிப் படுக்கவைத்த பிறகும் அதே கேள்வி. அப்பா முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே, "காட்டியாச்சுளா, வயிறு முட்டக் குடிச்சிருக்கு" என்று ஒவ்வொரு தடவையும் புதுசாகக் கேட்டதுபோலப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். இலஞ்சி தாண்டியதும் சிரிப்பு நின்றது. தென்காசிக்குள் நுழையும்போது பதிலும் நின்றுபோய், நாக்கைச் சொடுக்கி மாடுகளை விரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் கேள்வி நின்றுவிட்டது. அம்மா எப்போதும்போல எழுந்து அடுப்புப் பற்றவைத்தாள். சரியாகிவிட்டது என்று நினைத்தோம். அத்தை கையிலிருந்து பித்தளைத் தம்ளர் ஒன்று நழுவித் தரையில் உருண்டது. அம்மா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தாள். வாசல் வெளிச்சம் கண்ணில் குத்துகிறது என்றாள். பேசிக்கொண்டிருக்கும்போதே சொல்ல வந்த வார்த்தை அகப்படாமல் கையை ஆட்டுவாள். அகப்படவில்லை என்று அழுவாள். எங்கள் அம்மா அழுது நான் பார்த்ததில்லை. அவள் அழ ஆரம்பித்தால் எப்படித் தேற்றுவது என்பது எங்கள் மூன்று பேருக்குமே தெரியவில்லை.

அடுத்த வீட்டு அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு அப்பாவை ஓரமாக அழைத்துப்போனார்.

"சூடு தலைக்கு ஏறிட்டுடே. தெனமும் வெடியக்காலம் கொண்டுபோயி அருவிக்கடியில நிறுத்து. தண்ணி மண்டையில விழ விழ எறங்கிரும். சித்தம் கலங்குனவங்கள எங்கெங்கயிருந்தோ இங்கதானே கொண்டாராங்க? நமக்குப் பக்கத்துலயே கெடக்கு."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. அண்ணாச்சி சொன்னது அந்த நாளில் எல்லாரும் செய்கிற வைத்தியம்தான். சித்தம் கலங்கியவர்களைக் கயிற்றால் கட்டிக் குற்றாலத்துக்குக் கொண்டுவருவார்கள். அப்பாவே பலரை வண்டியில் ஏற்றிப் போயிருக்கிறார்.

"அவங்களத் திரும்பக் கூட்டிட்டு வந்ததும் நான்தான் அண்ணாச்சி" என்றார் அப்பா. "போன மாதிரியேதான் வந்தாங்க."

சொல்லிவிட்டு வண்டியைப் பூட்டினார். அருவிக்குப் போகவில்லை. வருஷாவருஷம் அவர் ஸ்டேஷனிலிருந்து கொண்டுபோய் இறக்குகிற ஒரு டாக்டரின் பங்களாவுக்குப் போனார்.

டாக்டர் மதராஸ்காரர். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய சண்டை நடந்தபோது, தலையில் அடிபட்ட சிப்பாய்களை மட்டும் சேர்க்கிற ஆஸ்பத்திரியில் வருஷக்கணக்கில் வேலை பார்த்தவர் என்று அப்பாவுக்குத் தெரியும். வண்டியில் போகிறபோது அவரே சொல்லியிருக்கிறார். ஓய்வுக்கு வந்த மனிதரை வீட்டுக்குக் கூப்பிடுவது எப்படி என்று அப்பா வாசலில் தயங்கி நிற்க, அவர் விஷயத்தைக் கேட்டதும் செருப்பை மாட்டிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாராம்.

அம்மாவை மூலையில் படுக்கவைத்து, டார்ச் விளக்கைக் கண்ணில் அடித்து இரண்டு கண்மணியும் ஒரேபோலச் சுருங்குகிறதா என்று பார்த்தார். தன் விரலை ஆட்டி, தலையை அசைக்காமல் கண்ணால் மட்டும் பின்தொடரச் சொன்னார். காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கண்ணுக்குள்ள வெளக்கு அடிச்சுப் பாக்கியளே, உள்ள என்னய்யா தெரியுது?"

"ஆள் உள்ளே இருக்காங்களான்னு பார்க்கிறேன் அம்மா."

"இருக்காளா?"

"இருக்காங்க. ரொம்பக் களைச்சுப்போய் இருக்காங்க."

பிறகு எங்களை வெளியே அழைத்துப்போய் விளக்கினார். சட்டியில் தயிர் வைத்திருக்கிறோம், சட்டியைத் தூக்கி நங்கென்று வைத்துவிட்டோம், சட்டி உடையவில்லை, ஆனால் உள்ளே தயிர் குலுங்கிவிட்டது என்றார். மண்டை ஓடு உடையவில்லை. உள்ளே மூளை குலுங்கியிருக்கிறது. இதற்கு மருந்து கிடையாது. ஆட்டாமல் வைத்தால் தானே சரியாகும். ஆகவே இருட்டு அறை, அமைதி, தூக்கம். அடுப்படி கூடாது. எண்ணெய்க் குளியல் கூடாது. அருவி என்ற பேச்சே கூடாது, அவ்வளவு தண்ணீர் தலையில் விழுவது அடிமேல் அடி. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆள் பேச்சு கூடாது.

"ஆள் பேச்சுன்னா?" என்று அப்பா கேட்டார்.

"யாரும் வந்து பார்க்கக் கூடாது. கேள்வி கேட்கக் கூடாது. ஒரு பக்ஷத்துக்காவது."

அப்பாவும் அத்தையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ படிச்சவன். விளக்கை வைத்துக் கண்மணி இரண்டையும் நீதான் பார்க்கணும். ஒன்று பெரிதாகத் தெரிந்தாலோ, எழுப்பினால் எழாமல் தூங்கினாலோ, என்ன நேரமானாலும் ஓடி வா. இன்னொன்று. எங்கள் ஆஸ்பத்திரியில் சில பையன்கள் நல்லாயிட்டோம் என்று சீக்கிரமே எழுந்து நடமாடினார்கள். அந்தத் தலைவலி அவர்களைவிட்டுப் போகவே இல்லை. அவர்களைப் பெற்றவர்கள் வந்து, இது எங்கள் பிள்ளை இல்லையே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தப் பத்துப் பதினைந்து நாளை அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடுங்கள்."

அவர் போனதும் அத்தை சொன்னாள்: "கொலுங்குன தயிரு மறுபடி எங்கன ஒறையும்? நல்ல மனுசன், ஆனா அடுப்படிப் பக்கம் போனதில்ல."

அம்மா பழைய அம்மாவாகத் திரும்ப வேண்டும். அதற்கு வேண்டியது அமைதி ஒன்றுதான். கேட்க எளிதாகத்தான் இருந்தது. ஆனால் எங்கள் ஊரில் ஒருத்தி விழுந்துவிட்டாள் என்றால் சொந்தக்காரர்கள் வந்து பார்த்தே ஆகவேண்டும். வராவிட்டால் அவர்கள் குற்றவாளி. வந்தவர்களை உள்ளே விடாவிட்டால் நாம் குற்றவாளி. அதில் அறுந்த உறவுகள் தலைமுறைக்கும் ஒட்டாது.

வந்தார்கள். கடையநல்லூரிலிருந்து, புளியங்குடியிலிருந்து, நாலு தெரு தள்ளியிருந்து என்று வந்துகொண்டே இருந்தார்கள். சீப்புச் சீப்பாக வாழைப்பழம், கற்கண்டுப் பொட்டலம். அம்மா எழுந்து உட்கார்ந்து சேலையை இழுத்துவிட்டுக்கொள்வாள். "எப்படித்தா விழுந்த?" என்று ஒருத்தி கேட்பாள். அம்மா முதலிலிருந்து சொல்லுவாள். கேட்டு முடித்ததும் வந்தவள் தன் பங்குக்கு ஒன்று சொல்லுவாள்.

"எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தன் இப்படித்தான், தென்னையிலருந்து விழுந்தான். எந்திரிச்சு நடந்தான். சோறு தின்னான். எட்டாம் நாளு பேசிக்கிட்டே இருந்தவன்..."

"ஏட்டி, வாய மூடு. நோயாளிகிட்டச் சொல்லுத கதையா?" என்று இன்னொருத்தி அதட்டுவாள். அதட்டுகிற குரல் கதையைவிடப் பெரிதாக இருக்கும்.

அவர்கள் எழுந்து போனதும் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துத் தலையைக் கையால் அமுக்கிக்கொள்வாள். வாந்தி வரும். மறுநாள் டாக்டர் வந்து பார்த்துவிட்டு என்னைத்தான் கடிந்துகொண்டார்.

நான் படித்தவன் அல்லவா? படித்தவனுக்குத் தோன்றுகிற யோசனைதான் எனக்கும் தோன்றியது. ஒரு பலகையில், 'நோயாளிக்கு ஓய்வு தேவை. சப்தம் செய்யலாகாது. பார்வையாளர்கள் உள்ளே வருதல் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டினேன். அட்சரம் ஒவ்வொன்றும் அழகாக இருந்தது.

முதலில் வந்தவர் அப்பாவின் சித்தப்பா முறை. பலகை முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"ஏலே, இது என்ன எழுதிருக்கு?" என்று தெருக்கோடி வரை கேட்கிறமாதிரிக் கேட்டார்.

நான் வெளியே வந்து தாழ்ந்த குரலில் படித்தேன்.

"கேக்கல. ஒறக்கப் படிலே."

உரக்கப் படித்தேன். சப்தம் செய்யலாகாது என்பதையும் உரக்கத்தான் படித்தேன். அவர் கவனமாகத் தலையை ஆட்டினார்.

"நல்ல விசயந்தான். வாரவங்க எல்லாருக்கும் இதைச் சொல்லு" என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்வையாளர் என்று அவர் தன்னை நினைக்கவில்லை. அதற்கடுத்து வந்த ஒன்றுவிட்ட பெரியம்மாவோ, "நாலு எழுத்துப் படிச்சதும் வீட்டு வாசலைத் தாலுக்கா கச்சேரி ஆக்கிட்டானே!" என்று முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். போன வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள். அதைக் கேட்டுச் சமாதானம் பேச ஐந்து பேர் வந்தார்கள்.

அன்று சாயங்காலம் அம்மா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். "ஏல, எனக்குப் பயமா இருக்குலே" என்றாள். "யாரு பேசுனாலும் சத்தம் மட்டும் கேக்கு. பேச்சு எங்கயோ நிக்கு."

அத்தை அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். நேராகக் கொல்லைப்பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் பெரிய வேப்பங்குலை. என் பலகையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அந்த ஆணியிலேயே குலையைக் கட்டினாள்.

வேப்பங்குலை கட்டிய வீட்டுக்குள் யாரும் நுழையமாட்டார்கள். அந்த வீட்டில் அம்மை கண்டிருக்கிறது, மாரியாத்தா வந்து தங்கியிருக்கிறாள் என்று அர்த்தம். நுழையக்கூடாது என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதில் யாருக்கும் வருத்தமும் இல்லை.

அப்பா மாட்டுத் தொழுவிலிருந்து வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"யக்கா! ஆத்தா பேர்லயா பொய் சொல்லுத?"

"நான் எங்க சொன்னேன்? வாயத் தொறந்தேனா? வேப்பங்குலை கட்டுனேன். பாக்கவங்க பாத்துக்கிடட்டும்."

"தெய்வக் குத்தம்."

"குத்தம் வந்தா எனக்கு வரட்டும். அடிச்சுக்கொண்டு போறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

அப்பா குலையைப் பார்த்தார். பிறகு வண்டியைப் பார்த்தார். அவர் எதை யோசித்தார் என்பது எனக்கு உடனே புரியவில்லை. அம்மை வீட்டு வண்டியில் எந்தச் சவாரியும் ஏறாது. அது ஆடி மாதத்தின் நடு. ரயிலுக்கு ரயில் ஆள் இறங்குகிற காலம். அவர் போய் மாடுகளின் கழுத்திலிருந்து சலங்கைகளை அவிழ்த்தார். சத்தம் வராமல் துணியில் சுற்றிப் பரணில் வைத்தார். மறுநாளிலிருந்து ஊருக்கு வெளியே ஒரு தோப்பில் எருச் சுமக்கப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் இறங்கிய அமைதியை நான் மறக்கமாட்டேன். ஆத்தா இருக்கிற தெருவில் தாளிக்கக்கூடாது என்று அடுத்தடுத்த வீடுகளில் கடுகு வெடிக்கிற சத்தம்கூட நின்றது. உரல் சத்தம் நின்றது. புருஷன் பெண்டாட்டிச் சண்டைகளை வாய்க்கால் கரைக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டார்கள். சத்தம் போடுகிற பிள்ளைகளின் காதைத் திருகி வேறு தெருவுக்கு விரட்டினார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் இளநீர், மோர், நுங்கு. யார் வைத்தது என்று தெரியாது. பெரியம்மாவே ஒரு நாள் தெருமுனையில் நின்று, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒரு செம்பு பால் வைத்துவிட்டுப் போனாள். கோபமெல்லாம் பறந்துவிட்டது.

உள்ளே அம்மா தூங்கினாள். அப்படித் தூங்கினாள். நான் போய்ப் போய் எழுப்பிக் கண்மணியைப் பார்த்து, "ஏல, ஒங்க டாக்டரு தூங்கச் சொன்னாரா, எழுப்பச் சொன்னாரா?" என்று திட்டு வாங்கினேன். விழுந்த பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் திட்டு அது. அத்தை அடுப்படியில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டாக்டர் அடுத்த முறை வந்தபோது வாசலிலேயே நின்றுவிட்டார். "அம்மையா?"

அப்பா கும்பிட்ட கையை இறக்காமல் விஷயத்தைச் சொன்னார். கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் அவருக்கு. டாக்டர் வண்டியின் நுகத்தடியில் உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"எங்கள் வார்டில் இந்த அமைதிக்காக வாசலில் துப்பாக்கியோடு ஆள் நிறுத்தினோம். அப்பவும் கிடைக்கலை. யார் யோசனை இது?"

அத்தை கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது அம்மை வராமலிருக்க ஊசி குத்துகிற சர்க்கார் ஆள் பெட்டியோடு வந்து நின்றார். அம்மை கண்ட தெரு என்று யாரோ எழுதிப்போட்டுவிட்டார்கள். நான் சர்க்காருக்குப் பொய் சொல்லத் துணியவில்லை. தெருமுனைக்கே ஓடிப்போய், தலையில் அடி, ஓய்வு வேண்டும் என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருந்த சீட்டைக் காட்டி, உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். குலையை இப்போதே அவிழ்த்துவிடுகிறோம் என்றேன். அவர் சீட்டைப் படித்தார். தெருவைப் பார்த்தார். தெருவில் ஆணும் பெண்ணுமாக, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"தம்பி" என்றார் மெதுவாக. "வருசாவருசம் என்னக் கண்டா இந்தத் தெருவுல பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஆத்துக்கு ஓடுவாங்க. இன்னைக்கு அவங்களா வந்து நிக்காங்க. நான் முடிச்சிட்டுப் போறவரைக்கும் குலைல கை வச்சே, கெட்ட கோவம் வரும்."

தெரு முழுக்கக் குத்திக்கொண்டது. நானும் குத்திக்கொண்டேன். ஒரு வாரம் எல்லாருக்கும் கை வீங்கிக் காய்ச்சல் அடித்தது. அதிலும் தெரு இன்னும் கொஞ்சம் அமைதியானது.

மாமா வந்தது அதற்கப்புறம். தங்கை விழுந்த செய்தி அவருக்குத் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. கூடப் பிறந்தவனுக்குச் சொல்லி அனுப்பவில்லையே என்று புளியறையிலிருந்து கோபத்தை வளர்த்துக்கொண்டே நடந்து வந்திருக்கிறார். தெருமுனையில் நுழையும்போதே, "எங்க அந்த மாப்ள? ஏ மாப்ள!" என்று குரல் கேட்டது. பிறகு குரல் நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். மாமா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடுத்தெருவில் வேப்பங்குலையைப் பார்த்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார்.

அப்பா அவரிடம் போய் உண்மையைச் சொல்ல வாயெடுத்தார். மாமா கையைக் காட்டி நிறுத்தினார். ஆத்தா இருக்கிற இடத்தில் பேசக்கூடாதாம். எழுந்து, "தாயே, எந் தங்கச்சி எந்திரிச்சு நடந்து வந்தா ஒனக்கு ஒரு கெடா" என்று நேர்ந்துகொண்டு, வந்த வழியே திரும்பி நடந்துவிட்டார். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை.

அம்மா எழுந்து நடமாடுவதை டாக்டர் படிப்படியாகத்தான் அனுமதித்தார். முதலில் கதவை ஒரு சாண் திறந்து வைத்தோம். பிறகு பொழுது சாயும் நேரத்தில் கொல்லையில் கொஞ்சம் நடை. பிறகு மொச்சை உரிக்கலாம், ஆனால் பேசிக்கொண்டே உரிக்கக் கூடாது. தலை வலித்தால் ஒரு படி பின்னால் வந்து மறுபடி தொடங்க வேண்டும். அம்மாவுக்கு இது பெரிய அவமானமாக இருந்தது. "பிள்ளைக்கு நடைவண்டி ஓட்டுத மாதிரில்லா என்ன ஓட்டுதிய" என்பாள். ஆனால் கேட்டாள்.

ஒன்று மட்டும் திரும்பவில்லை. ஒரு நாள் அப்பா பிச்சிப்பூ வாங்கி வந்து கொடுத்தார். அம்மா அதை மூக்கருகே வைத்து வைத்துப் பார்த்துவிட்டு, "வாடுன பூவா?" என்றாள். அது அப்போதுதான் பறித்த பூ. தலையில் அடிபட்டவர்களுக்கு வாசனை போவது உண்டு, சிலருக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்று டாக்டர் சொன்னார். இதுவரை திரும்பவில்லை. இப்போதும் அம்மா பூ வைத்துக்கொண்டால், "மணக்கா?" என்று கேட்பாள். அப்பா குனிந்து மோந்து பார்த்து, "நல்லா மணக்கு" என்பார். யார் இருந்தாலும் கூச்சப்படமாட்டார்.

டாக்டர் ஊருக்குத் திரும்புவதற்கு முதல்நாள் அம்மாவை நேர்கோட்டில் நடக்கச் சொல்லி, விரலைப் பார்க்கச் சொல்லி, இனி ஒவ்வொருவராக வந்து பார்க்கலாம் என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார். அவரை வழியனுப்பிவிட்டு நாங்கள் திரும்பியபோது அம்மா முதல்தடவையாக வாசல் பக்கம் வந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எத்தனையோ தடவை மாற்றிக் கட்டிய குலை, அன்றைக்கும் பச்சையாகத் தொங்கியது.

"யாருக்கு அம்மை?" என்றாள்.

அப்பா மாட்டைத் தடவிக்கொடுக்கத் திரும்பிக்கொண்டார்.

"மயினி, யாருக்கு அம்மை? இவனுக்கா?"

"ஒனக்குத்தான்" என்றாள் அத்தை.

அம்மா தன் கையை, முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். முழுசும் கேட்டபிறகு அவள் போட்ட சத்தத்தை நான் சத்தமாகவே நினைக்கவில்லை. சங்கீதம் என்று நினைத்தேன். அத்தைக்கு, அப்பாவுக்கு, எனக்கு என்று முறைவைத்து விழுந்தது. "படிச்ச பய, நீயும் கூட நின்னியாலே?" என்றாள். ஒரு வார்த்தைகூட அகப்படாமல் போகவில்லை. அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். ஆனால் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. திட்டு வாங்கியதற்காக அல்ல.

சத்தம் ஓய்ந்ததும் அம்மா முடிவு சொன்னாள். ஆத்தாளைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்துவிட்டோம். அவளும் பேசாமல் இத்தனை நாள் காவல் இருந்துவிட்டாள். மரியாதையாக அனுப்பிவைக்க வேண்டும். அம்மை இறங்கியவர்களுக்குச் செய்கிறபடி வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை இடைவெளி விட்டு மூன்று தடவை அம்மாவின் தலைக்கு அத்தை ஊற்றினாள். தடவுகிறமாதிரி, மெதுவாக. குலையை அவிழ்த்தார்கள். மாமாவுக்கு இந்தத் தடவை முதல் ஆளாகச் சொல்லி அனுப்பினோம்.

மாமா கடாவோடு வந்தார். அம்மா வாசலில் அவரை நிறுத்தி, கண்ணைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, எனக்கு அம்மையே வரல. தலையில அடி. ஆளுக வரக்கூடாதுன்னு இவங்க குலை கட்டிட்டாங்க. நீ நேர்ந்தது செல்லாது. கெடாயக் கொண்டு போ."

மாமா அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அத்தையை ஒரு பார்வை பார்த்தார். வெடிக்கப்போகிறார் என்று நான் ஒதுங்கினேன்.

"அம்மை எறங்கணும்னா கேட்டேன்?" என்றார். "எந் தங்கச்சி எந்திரிச்சு நடந்து வரணும்னு கேட்டேன். நீ வாசலுக்கு நடந்துதான வந்தே? பெறகு என்னட்டி செல்லாது? நீங்க ஆத்தாகிட்டப் பொய் சொன்னா அது ஒங்க பாடு. நான் சொல்லல." பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஏ மாப்ள, நடுத்தெருவுல சகதிக்குள்ள என்னப் படுக்க வச்சிட்டியே, வேட்டி ஒன்னு எடுத்துக் குடுத்திரு" என்றார்.

கோவிலில் மாவிளக்கு, பொங்கல், தெரு முழுவதற்கும் கூழும் சோறும் என்று அம்மா எதிலும் குறைவைக்கவில்லை. தெருக்காரர்களிடமும் அவளே உண்மையைச் சொன்னாள். குத்திக்கொண்ட தழும்பைக் காட்டிக் காட்டி அவர்கள் எங்களைத் திட்டினார்கள். திட்டிக்கொண்டே இரண்டாம் முறை சோறு வாங்கினார்கள். மறுநாள் அம்மா செலவைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடா மாமாவுடையது, அதைச் சேர்க்கக்கூடாது. அரிசி, வெல்லம், கேப்பை, பந்தல், மாமாவுக்கு வேட்டி எல்லாம் சேர்ந்து பதினெட்டு ரூபாய் ஐந்தணா வந்தது.

"சரி" என்றாள். "ஒங்க அப்பாவுக்குச் சவாரி போச்சே, அது எவ்வளவு?"

"அதெல்லாம் எதுக்குளா கணக்குல?" என்றார் அப்பா.

"சொல்லுங்க."

"எருச் சொமந்ததுல கொஞ்சம் வந்துச்சு."

"அதைக் கழிச்சுச் சொல்லுங்க."

அப்பா மாடுகளைப் பார்த்தார். "நாப்பது இருக்கும்" என்றார்.

நான் கூட்டுவதற்குள் அம்மாவே சொல்லிவிட்டாள். ஐம்பத்தெட்டு ரூபாய் ஐந்தணா.